அக்காவின் வலது முட்டி

என் அக்கா மகன் முட்டி மாற்றும் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா கிடந்து எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவன்தான் இழுத்துவந்து இங்கே உட்கார வைத்தான். வருகிறவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவது, போன் எடுப்பது, காத்திருந்து காத்திருந்து கடுகடுத்துப் போனவர்களை நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைப்பது, இவைதான் என் உத்தியோகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்த மாமா இருந்தால் கூட்டம் தெரிவதில்லை என்று வருகிறவர்கள் சொல்லுவார்கள். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாது. போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

முட்டி மாற்றுவதில் இருக்கும் சண்டைகளைப் பற்றி வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவிவிட்டு உலோகத்தில் மூடி போடுகிறார்கள், நடுவில் பிளாஸ்டிக் வைக்கிறார்கள், அவ்வளவுதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ரோபோ கையால் வெட்டினால் மேலா, மனிதன் கையே போதுமா? காலை நூல் பிடித்தாற்போல நேராக்க வேண்டுமா, அவரவர் காலுக்கு இருக்கும் வளைவிலேயே விட வேண்டுமா? முட்டிக்கு முன்னால் மூடி மாதிரி இருக்கும் சில்லெலும்பின் பின்பக்கம் பிளாஸ்டிக் வில்லை ஒட்டுவதா, சில்லைத் தொடாமல் விடுவதா? டாக்டர்கள் கூடும் மாநாடுகளில் இதற்காகக் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி என்று மருமகனே சொல்லிச் சிரிப்பான். அவன் சில்லைத் தொடாத கட்சி. அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரிய டாக்டர் வில்லை ஒட்டுகிற கட்சி. மேடையில் ஏறி அவரையே மறுத்துப் பேசிவிட்டு வந்த அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். சில்லு என்றால் என்ன என்று சரியாகத் தெரியாத நானும் கை தட்டினேன்.

ஆனால் முட்டி வலியோடு வருகிறவர்களுக்கு இந்தக் கட்சியெல்லாம் வேண்டாம். எக்ஸ்ரேயைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், கடைசியில் எல்லோரும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்? மற்ற டாக்டர்கள் இதையேதான் பண்ணுவேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் டாக்டருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவன் அம்மாவுக்கே செய்திருந்தான், தன் கையாலேயே.

சொந்த ரத்தத்தில் கத்தி வைக்காதே, கை நடுங்கும், கண் மறைக்கும் என்று அவனுடைய சிநேகிதர்கள் எவ்வளவோ சொன்னார்கள். எங்கம்மாவை வேறு யார் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று அவன் ஒரே பேச்சில் வாயை அடைத்துவிட்டான். கை நடுங்கவில்லை. அறுவை முடிந்து எடுத்த எக்ஸ்ரே அத்தனை அழகாக இருந்தது. அதைப் பெரிதாக்கி அவன் அறையில் விளக்குப் பலகையில் மாட்டி வைத்தான். வலது முட்டி, பளிச்சென்று.

அதன் பிறகு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவன் மேசை மணியை ஒரு தடவை அடித்தால் அடுத்த ஆளை அனுப்ப வேண்டும். இரண்டு தடவை அடித்தால் உள்ளே ஒருவர் தயங்குகிறார் என்று அர்த்தம். நான் மேலே போன் போடுவேன். அக்கா லிஃப்டில் இறங்கி வந்து, அவன் அறைக்குள் நுழைந்து, கதவிலிருந்து மேசை வரைக்கும் நடப்பாள். எடை பார்க்கும் மெஷின் பக்கம் திரும்பி மறுபடி கதவு வரைக்கும் நடப்பாள். போகும்போது, "முட்டின்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள். அந்த வசனம் நான் எழுதிக் கொடுத்தது. எக்ஸ்ரேயை நம்பாதவர்கள் அக்காவின் நடையைப் பார்த்து நம்பினார்கள். அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்து நான் மனசுக்குள் மார் தட்டிக்கொள்வேன்.

அக்காவின் இடது முட்டியும் தேய்ந்துதான் இருந்தது. அதையும் மாற்றிவிட வேண்டும் என்று அவன் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவளோ ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்கு வைத்திருப்பாள். பல் வலி, ஜலதோஷம், பேத்திக்குப் பரீட்சை, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். நான் அவளைக் கேலி செய்வேன். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று கடைக்காரன் கூப்பிட்டால் ஓடுவாய், உன் பிள்ளை கூப்பிட்டும் நீ போக மாட்டேன் என்கிறாயே என்பேன். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். கடைசியில் அவளைக் கேட்காமலே அவன் நாள் வைத்துவிட்டான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை. அதைக் கேட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நாங்களே எடுத்துக்கொண்டோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு தலைமையாசிரியை அம்மா வந்திருந்தார், கணவரோடு. இரண்டு முட்டியும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் மாடிக்குப் போக முடியாமல் கீழே இருந்தபடியே அதட்டி ஆள்கிறேன் என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். கேட்டவுடன் பிடித்துப்போகிற மனுஷி. கணவர் பயந்த சுபாவம், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து மணி அடித்தது. இரண்டு தடவை.

நான் மேலே போன் போட்டேன். லிஃப்ட் ஓடவில்லை என்று அக்கா சொன்னாள். உண்மைதான், ரிப்பேர்க்காரர்கள் காலையிலிருந்து அதன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இன்றைக்கு விட்டுவிடேன்டா என்றாள். உள்ளே ஆள் காத்திருக்கிறார்கள், ஒரு மாடிதானே, படியில் இறங்கி வா, உன் முட்டிதான் புத்தம் புதுசாச்சே என்று நான் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். என் வாயை என்ன சொல்வது.

சரி, சீக்கிரம் வரட்டும் என்று படிக்கட்டின் அடியில் போய் நின்றேன். கிளினிக்கில் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. மேலே காலடிச் சத்தம் கேட்டது, ஆனால் ஆள் வரக் காணோம். எட்டிப் பார்த்தேன். அக்கா பக்கவாட்டாகத் திரும்பி நின்று, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு தடவை மூச்சு விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் வலது காலைக் கீழே வைப்பாள். பிறகு இடது காலைக் கொண்டுவந்து அதே படியில் சேர்ப்பாள். உதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. திருடும்போது பிடிபட்டவள் முகம் அது. என் அக்காவுக்கு அப்படி ஒரு முகம் உண்டு என்றே எனக்குத் தெரியாது.

கீழே வந்து சேர்ந்ததும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தாள். "அவங்கிட்ட சொல்லிடாதேடா" என்றாள். நான் என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். அங்கேயே உட்கார வைத்திருக்க வேண்டும். உள்ளே ஆள் காத்திருக்கிற அவசரத்தில், சரி சரி, வா, என்று அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அறைக் கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள், நானும் பின்னாலேயே போனேன். எங்கம்மா, எங்க மாமா என்று மருமகன் அறிமுகம் செய்தான்.

நடை பிரமாதம். சமதரையில் அவள் நன்றாகத்தான் நடப்பாள் போலிருக்கிறது. கதவிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து மெஷினுக்கு, சிரிப்பும் வசனமும் எதுவும் குறையவில்லை. கணவர் முகத்தில் பயம் தெளிந்தது. மருமகன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், முடிந்தது என்கிற மாதிரி.

தலைமையாசிரியை அம்மா என் பக்கம் திரும்பினார். கூடவே இருக்கிறவர் நீங்கள், பெற்ற பிள்ளையைவிடத் தம்பிக்குத்தான் தெரியும், உண்மையிலேயே வலி இல்லையா என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவர் காலையே வெட்டப் போகிறார்கள், கேட்காமல் எப்படி இருப்பார்?

படிக்கட்டில் பார்த்தது என் கண்ணிலேயே நின்றது. அக்கா தரையைப் பார்த்தாள். மருமகன் மேசைக்குப் பின்னால் சிரித்தபடி காத்திருந்தான், மாமா எப்போதும் போல ஏதாவது சொல்லுவார் என்று.

"அக்காவா? ரெண்டு ரெண்டு படியா ஏறுவாங்க. நான்தான் பின்னாடி மூச்சு வாங்கிட்டுப் போவேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது. வாய் தவறி வந்த பொய் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. நிறுத்தி, யோசித்து, அதில் ஒரு தமாஷும் சேர்த்துச் சொன்னேன். என்னை நம்பி ஒரு பெண் கேட்டார், நான் அவரை என் மருமகன் பக்கம் தள்ளிவிட்டேன்.

அப்புறம் நடந்தது யாரும் திட்டம் போட்டு நடத்தியதில்லை. சிரித்த சந்தோஷத்தில் அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து, நின்றுகொண்டே இருக்கிறீர்களே, என் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள் என்றார். அக்கா பரவாயில்லை என்றாள். அவர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார் என்றால் உட்கார்ந்தே ஆக வேண்டும், அந்தக் குரல். அங்கே கிடந்தது சற்றுத் தாழ்வான நாற்காலி. அக்கா உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். மருமகனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சரி அம்மா, நீ போ என்றான்.

அக்கா உடனே எழுந்துவிடவில்லை. மேசை விளிம்பில் ஒரு கையை வைத்தாள், நாற்காலிக் கையில் இன்னொன்றை வைத்தாள். வலது காலை முன்னால் நீட்டி ஒதுக்கிக்கொண்டாள். இடது காலை அழுத்தி ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்து, ஒரு பெருமூச்சோடு எழுந்தாள்.

அந்த அம்மா அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்குப் பலகையில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார். எந்த முட்டியை மாற்றினார்கள் என்று கேட்டார். வலது என்று மருமகன் சொன்னான். இடதில் ஒன்றும் செய்யவில்லையா என்றார். அதுவும் முழுக்கத் தேய்ந்திருக்கிறது, இந்த வெள்ளிக்கிழமை மாற்றுகிறோம் என்றான்.

"அவங்க தேஞ்சுபோன முட்டியை நம்பித்தானே டாக்டர் எழுந்திரிச்சாங்க?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மாணவன் போட்ட கணக்கு எங்கே தப்பாகப் போயிற்று என்று அவனையே கேட்கிற குரல். அக்கா முந்திக்கொண்டு, உட்கார்ந்ததில் கால் மரத்துப் போச்சு என்றாள். அந்த அம்மா தன் எக்ஸ்ரேக்களை உறையில் போட்டு, கணவரை எழுப்பிவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று கும்பிட்டார். என்னைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

கதவை மூடியதும் மருமகனுக்கு வந்தது கோபம்தான். ஏன் அப்படி எழுந்தாய், நேராக எழுந்திருக்க உனக்கு என்ன என்று அம்மாவைக் கடிந்தான். எக்ஸ்ரேயைக் கையால் தட்டி, பார், எங்கேயாவது ஒரு இழை கோணலாக இருக்கிறதா, பார், என்றான். அக்கா பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதத்தில் அவன் குரல் இறங்கிவிட்டது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான். எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டான்.

"மொதல்லேர்ந்தே" என்றாள்.

அவன் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஆடையை முட்டிக்கு மேலே ஒதுக்கச் சொன்னான். நேரான தழும்பு, பார்க்க நேர்த்தியாக ஆறியிருந்தது. காலை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, கட்டை விரலால் முட்டிச் சில்லை மெதுவாக அழுத்தினான். அக்கா நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். படி இறங்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் இந்த இடத்தில்தானா என்று கேட்டான். இந்த இடத்தில்தான் என்றாள். அவன் கை அங்கேயே நின்றுவிட்டது. அம்மாவின் சில்லையும் அவன் தொடாமல்தான் விட்டிருந்தான். மேடையில் அவன் பெரிய டாக்டரோடு போட்ட சண்டை இந்த இடத்தைப் பற்றித்தான் என்று எனக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா? எப்பேர்ப்பட்ட அறுவைக்குப் பிறகும் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு வலி மிச்சம் இருந்துவிடும் என்று அவனே நோயாளிகளுக்குச் சொல்வதுண்டு. அதைச் சொல்லிவிட்டு மணியை இரண்டு தடவை அடிப்பான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீ படத்தைக் காட்டிக் காட்டி நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னியே. அப்போ கோளாறு எங்கிட்டத்தான்னு நெனச்சேன். ஊர்ல எல்லாருக்கும் சரியாகுது, எனக்கு மட்டும் ஏன் வலிக்குது? நான் ஒழுங்கா பயிற்சி செய்யலையோ, நான்தான் செல்லம் கொடுத்து வலியை வளர்க்கிறேனோன்னு... வெக்கமா இருந்துச்சுப்பா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கப்பட வேண்டிய இரண்டு ஆண்பிள்ளைகள் அந்த அறையில் இருக்க, அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். மேலே தனியாக உட்கார்ந்து, கீழே யார் கூப்பிடுவார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அடித்த கேலிக்கெல்லாம் சிரித்திருக்கிறாள்.

சில்லுக்குப் பின்னால் வில்லை ஒட்டினால் சரியாகலாம் என்று மருமகன் மெல்லச் சொன்னான். சரியாகாமலும் போகலாம், மறுபடி திறக்க வேண்டியிருக்கும், வேறு ஒரு டாக்டரிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றான். பெரிய டாக்டர் பேரைச் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொண்டான். அக்கா அதையெல்லாம் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. இடது முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"அது உன் இஷ்டம். இதை மட்டும் விட்டுடு. இப்போ என்னைத் தாங்குறது இது ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை கிடையாது, யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று அவன் சொன்னான். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பயந்து பயந்து பல் வலி என்றும் ஜலதோஷம் என்றும் அவள் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் இந்த ஒரு காலைக் காப்பாற்றத்தான். பெற்ற பிள்ளையிடமிருந்து. அவன் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டான். அவன் நெற்றிப் பக்கம் நரைத்திருந்த முடியை அவள் கோதிவிட்டாள். நான் வெளியே போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். வெளியே காத்திருக்கும் ஆட்களின் பேச்சு கேட்டது.

அக்காதான் முதலில் தெளிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் வேலையைப் பாருங்கள், ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், இதற்கு மேல் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

"அந்தம்மாவுக்கு சந்தேகம் வந்துடுச்சு. நாலு பேருகிட்ட சொன்னா உன் பேரு என்னாகும்? இனிமே யாரு வந்தாலும் என்னைக் கூப்பிடு. மொதல்லயே மாத்திரை போட்டுக்கிட்டு வர்றேன். அந்த நாற்காலியை மட்டும் வெளிய எடுத்துப் போட்டுடுங்க, யாரும் என்னை உக்காரச் சொல்ல வேணாம்."

மருமகன் தலையைத் தூக்கவில்லை. அவன் வேண்டாம் என்று சொல்லுவான் என்று நான் அவனைப் பார்த்தேன். தாய்மாமன் நான் இருக்கிறேனே, நான் சொல்லுவேன் என்று அவன் காத்திருந்தானோ என்னவோ. பேச்சுக்குப் பேர்போன என் வாய் அப்போது திறக்கவில்லை. கிளினிக் மூடிப்போனால் என்ன ஆவது, இவன் என்ன ஆவான், நான் எங்கே போய் உட்காருவது என்று என் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெட்கம் கெட்ட புத்தி.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். சரி, அப்படியே செய்வோம் என்று அவளே சொல்லிவிட்டு, இடது காலை ஊன்றி எழுந்தாள்.